கை எட்டும் உயரமும் அடுத்த பந்தும்: வாலிபால் ஆடும் பிள்ளைகளின் உடலளவையும் மனப்பழக்கத்தையும் பார்க்கும் முறை

மதுரையிலிருந்து மேலூர் போகும் பாதையில், யானைமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி எங்கள் மைதானம் இருக்கிறது. இரண்டு இரும்புக் குழாய், ஒரு வலை, சுண்ணாம்புக் கோடு, பக்கத்தில் ஒரு பம்ப்செட் ரூம். மாலை ஐந்து மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். புதிதாகப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அப்பாவோ அம்மாவோ முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இவன் உயரம் பத்துமா?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. பம்ப்செட் ரூம் சுவரை ஒட்டி நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்வேன். அப்புறம் ஒரு வாரம் ஆட விட்டு, ஒரு பந்தைத் தவறவிட்ட பிறகு அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறான் என்று பார்ப்பேன். பயந்து ஆடுகிறான் என்று நாம் முடிவு கட்டும் பையனுக்குப் பல நேரம் அளவில்தான் கோளாறு இருக்கும். உயரம் பத்தாது என்று ஒதுக்கும் பையனுக்குப் பல நேரம் யாரோ மனசில் போட்ட முடிச்சு இருக்கும். எது எங்கே என்று பிரித்துப் பார்க்கத்தான் கீழே உள்ள படிகள். தேவையானவை ஒரு இஞ்ச் டேப், ஒரு சுவர், கொஞ்சம் கோலமாவு, ஒரு போன், ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதல் படி: பிள்ளையை அளக்கும் முன் வலையை அளங்கள்

ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். இதை அளக்க வேண்டிய இடம் மைதானத்தின் நடு. இரண்டு பக்கக் கோடுகளுக்கு மேலும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே நடுவைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடக்கூடாது. சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு வலையை இறக்கிக் கட்டலாம், ஆனால் எவ்வளவு இறக்கியிருக்கிறோம் என்று தெரிந்து இறக்க வேண்டும்.

ஊர் மைதானங்களில் பெரும்பாலும் கம்பத்தில் முடிச்சு விழும் இடத்தை மட்டும் அளப்போம். கயிறு தளர்ந்து நடுவில் தொய்வு விழுந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் வலையிலேயே ஒரு முறை நடுவில் 6 செ.மீ. குறைவாக இருந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் பையன் ஒருவன் உள்ளூரில் பிரமாதமாக ஸ்மாஷ் அடிப்பான். வெளியூர் மின்னொளிப் போட்டிக்குக் கூட்டிப் போனோம், வரிசையாக நாலு பந்து வலையில். "கூட்டத்தைப் பார்த்ததும் பயந்துட்டான்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் அப்படியே நம்பினான். ஊருக்குத் திரும்பும் வேனில் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலையில் டேப்பைப் பிடித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவன் கையும் காலும் 2.37 மீட்டர் வலைக்குப் பழகியிருந்தன. இரண்டு கயிற்றையும் இழுத்துக் கட்டி மூன்று வாரம் ஆடவிட்டோம், அடி திரும்ப வந்தது. அந்த மூன்று வாரமும் "உனக்கு ஒன்றும் ஆகவில்லை, வலைதான் தாழ்ந்திருந்தது" என்று தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் படி: நின்ற உயரமும், கையைத் தூக்கினால் எட்டும் உயரமும்

செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால், பிட்டம், முதுகு மூன்றும் சுவரில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். பார்வை நேராக. தலைமேல் கொத்தனாரின் மூலைமட்டத்தை வைத்தால் கோடு சரியாக விழும். இல்லையென்றால் கெட்டி அட்டை போட்ட புத்தகம் போதும். காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஒரு செ.மீ. அளவுக்குக் குறைவது வழக்கம், முதுகெலும்பின் தட்டுகள் பகல் முழுக்க அழுந்துவதால். அதனால் எப்போது அளந்தாலும் அதே நேரத்தில் அளங்கள்.

இது சீக்கிரம் முடியும் வேலை. அதிக நேரம் செலவிட வேண்டியது அடுத்த இரண்டு அளவுகளுக்கு. ஒன்று கைவிரிப்பு: இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை. பலருக்கு இது உயரத்தை ஒட்டியே வரும், சிலருக்கு ஐந்தாறு செ.மீ. கூடுதலாக இருக்கும். மற்றொன்று நின்றபடி எட்டும் உயரம்: பக்கவாட்டாகச் சுவரை ஒட்டி நின்று, குதிகால் தூக்காமல், அடிக்கும் கையை முழுக்க உயர்த்தி, கோலமாவு தொட்ட விரலால் ஒரு புள்ளி. தோளைக் காதுவரை தூக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் கொஞ்சம் குறுகி நிற்கும் பிள்ளைக்கு இங்கேயே மூன்று நான்கு செ.மீ. போய்விடும். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவர் கை மற்றவரைவிட ஐந்து ஆறு செ.மீ. மேலே எட்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வலைக்கு மேலே போகப்போவது கை. தலையை மட்டும் அளந்துவிட்டு விடுவது பாதி வேலை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பதினைந்து வயதில் ஒரு தேர்வுக்குப் போயிருந்தேன். வரிசையில் நிற்கவைத்து உயரம் குறித்தார்கள். என் முறை வந்தது, ஒரு எண்ணை எழுதினார்கள், "நீ போகலாம் தம்பி" என்றார்கள். கையைத் தூக்கச் சொல்லவில்லை, குதிக்கச் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம், பந்து என் பக்கம் உயர்ந்து வந்தாலும் "எனக்கு" என்று சத்தம் போட வாய் வரவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது. என்னிடம் வரும் எந்தப் பிள்ளையையும் குதிக்க வைக்காமல் அனுப்புவதில்லை என்ற தீர்மானம் அங்கேதான் தொடங்கியது.

மூன்றாம் படி: குதியை அளப்பது

விரலில் மறுபடி கோலமாவு. முதலில் நின்ற இடத்திலேயே, பிளாக் போடுவது போல (எதிரணி அடிக்கும் பந்தை வலைக்கு மேலே கையால் தடுப்பதுதான் பிளாக்) இரண்டு கையும் உயர்த்திக் குதித்து ஒரு புள்ளி. அடுத்தது ஓடிவந்து குதித்து, அடிக்கும் கையால் ஒரு புள்ளி. சுவரில் மோதாமல் இருக்க, சுவருக்கு இணையாக ஓடிவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, நல்லதை எழுதிக்கொள்ளுங்கள். நின்றபடி எட்டியதைக் கழித்தால் குதியின் அளவு வரும்.

சுவர் வசதி இல்லாதவர்கள் போனை வைத்தே செய்யலாம். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் பல போன்களில் இருக்கிறது. பாதத்தை மட்டும் எடுங்கள். தரையை விட்ட படத்திலிருந்து தரையைத் தொட்ட படம் வரை எண்ணி 240ஆல் வகுத்தால் காற்றில் இருந்த நேரம் வரும். அந்த நேரத்தை அதனாலேயே பெருக்கி, 122.6ஆல் பெருக்கினால் குதி செ.மீ.யில் கிடைக்கும். 154 படம் என்றால் 0.64 நொடி, குதி 50 செ.மீ. சுமார். இறங்கும்போது காலை மடக்கி ஏமாற்றினால் எண் கூடிவிடும், காலை நீட்டியே இறங்கச் சொல்லுங்கள்.

இப்போது இந்த எண்கள் வலையோடு எப்படிச் சேருகின்றன என்று பாருங்கள். பந்தின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ.; அதாவது குறுக்களவு சுமார் 21. ஒரு பையன் 168 செ.மீ., நின்று எட்டுவது 218, ஓடிவந்து குதிப்பது 55. விரல்நுனி 273ஐத் தொடும். பந்தை அடிப்பது உள்ளங்கை, அது விரல்நுனிக்குப் பத்து செ.மீ. கீழே. எனவே பந்தின் நடு 263இல், அடிவிளிம்பு 252 அல்லது 253இல் இருக்கும். 243இல் கட்டிய வலைக்கு மேல் ஏறக்குறைய பத்து செ.மீ. இடைவெளி. இன்னொரு பையன் 178 செ.மீ., நின்று எட்டுவது 231, குதி 42. அவனும் 273தான். வலைக்கு மேலே இவர்கள் இரண்டு பேரும் ஒரே உயரம். கீழே நிற்கும்போது மட்டும்தான் பத்து செ.மீ. வித்தியாசம், ஊரார் பார்ப்பதும் அதைத்தான்.

இந்தக் கணக்கை அந்த 168 பையனை உட்காரவைத்து நோட்டில் போட்டுக் காட்டினேன். "அப்ப நான் நேரா அடிக்கலாமாண்ணே?" என்று கேட்டான். அதுவரை அவன் வலையைப் பார்த்ததும் பந்தை மேலே தூக்கித் தள்ளிக்கொண்டிருந்தான். பத்து செ.மீ. இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவன் மணிக்கட்டு இறங்கியது. மூன்று மாதமாக நான் "தைரியமா அடிடா" என்று கத்தியதில் நடக்காதது இது.

பிளாக்குக்குக் கணக்கு வேறு. இரண்டு கையும் வலைக்கு மேலே போய் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். இரண்டு கை புள்ளி வலையைவிடக் குறைந்தது ஒரு சாண் மேலே இல்லாத பிள்ளையை நடுவில் பிளாக்குக்கு நிறுத்திவிட்டு "கையை நீட்டு" என்று திட்டுவதில் பொருளில்லை.

கை வீச்சு இல்லாமல், இடுப்பில் கை வைத்து ஒருமுறை, வீசி ஒருமுறை குதிக்கச் சொல்லுங்கள். இடுப்பில் கை இருந்தால் சுவரில் புள்ளி விழாது என்பதால் இரண்டையும் போனிலேயே அளங்கள். இரண்டு குதிக்கும் வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டியது கால் பலத்தைவிடக் கை வீச்சுப் பழக்கம். ஒரு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும் பலன் வருவது இதில்தான்.

நான்காம் படி: மற்ற அளவுகள், சுருக்கமாக

கணுக்கால்: பெருவிரலை சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியாவிட்டால் தாழ்ந்து நிற்பதும் குதித்து இறங்குவதும் சிரமம். தினமும் இரண்டு நிமிடம் கெண்டைக்காலை நீட்டிவிடுங்கள்.

எடை: மாதம் ஒருமுறை போதும், தனியாக. எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பதும் சத்தமாகப் படிப்பதும் வேண்டாம், பெண் பிள்ளைகளிடம் கண்டிப்பாக வேண்டாம். எடையைக் குறைக்கப் பட்டினி போட்டால் குதியும் சேர்ந்து குறையும். வேகவைத்த நிலக்கடலை, முட்டை, சுண்டல், காலையில் கேழ்வரகுக் கூழ் என்று வீட்டில் இருப்பதையே ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் மதியப் பயிற்சி கூடாது.

ஐந்தாம் படி: வளர்கிற வயசை அளவில் சேர்ப்பது

இந்தப் படியைத்தான் நம் பக்கத்தில் அதிகம் தவறவிடுகிறோம். பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயசை ஒட்டியும், பையன்கள் பதினான்கை ஒட்டியும் வேகமாக உயர்கிறார்கள். ஆளுக்கு ஆள் இது ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆகும். எட்டாம் வகுப்பில் எல்லோரையும்விட உயரமான பையன் சீக்கிரம் வளர்ந்து முடித்தவனாக இருக்கலாம். கடைசி வரிசைக் குட்டிப் பையனுக்கு வளர்ச்சி இன்னும் தொடங்காமலே இருக்கலாம். அதனால் பதின்மூன்று வயசில் "நீ பிளாக்கர், நீ லிபரோ" (பின்வரிசையில் பந்தை எடுக்க மட்டும் நிற்பவர்) என்று முத்திரை குத்தாதீர்கள். எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடிப் பழகட்டும்.

மாதம் ஒருமுறை உயரம் குறித்து வந்தால், எந்த மாதத்தில் வேகம் பிடிக்கிறது என்று தெரியும். அந்தக் காலத்தில் பிள்ளைக்குத் தன் கைகால் எங்கே முடிகிறது என்பதே பிடிபடாது. போன மாதம் சரியாக அடித்த பந்தை இந்த மாதம் கையின் ஓரத்தில் வாங்குவான். அப்பா "கவனம் போச்சு, போன் பாக்குறான்" என்பார். நோட்டைத் திறந்து, இரண்டு மாதத்தில் 2 செ.மீ. ஏறியிருப்பதைக் காட்டினால் வீட்டில் திட்டு நிற்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும் இந்த வயசில் வரும். வலி இருக்கும்போது குதியைக் குறைத்து, பாஸும் சர்வீஸும் பழகட்டும். வலி விடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாலிபாலில் முழங்கால் தசைநார் கெடுவது பெரும்பாலும் அளவில்லாமல் குதிப்பதால்தான். சிமெண்ட் தரையில் குதிப் பயிற்சி வேண்டவே வேண்டாம். மண்ணில், வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது குதியில் தொடங்கினால் போதும்.

ஆறாம் படி: அளவைப் பார்த்து இடம், ஆனால் பென்சிலில்

ஓடிவந்து எட்டும் உயரம் நன்றாக இருந்தால் ஓரத்தில் அட்டாக்கர். நின்ற இடத்தில் இரண்டு கை புள்ளி உயர்ந்திருந்தால் நடு பிளாக்கர். கை மென்மையாகவும் கண் வேகமாகவும் இருந்தால், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர். தரையோடு தாழ்ந்து நகர்கிற பிள்ளைக்கு லிபரோ. 1998இல் சர்வதேச ஆட்டத்தில் வந்த இந்த இடம் உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு பெரிய கதவு. ஜப்பானின் யோஷியே தக்கேஷிதா 159 செ.மீ. உயரத்தில் செட்டராக ஆடி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். இதை எங்கள் பெண் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வேன், ஏனென்றால் அவர்களில் பலர் அவர் உயரமே இருக்கிறார்கள்.

நோட்டில் இடத்தைப் பென்சிலில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அழிக்க வேண்டி வரலாம்.

ஏழாம் படி: மனசையும் குறித்து வைப்பது

மனசை எப்படி அளப்பது என்று கேட்பார்கள். முழுக்க அளக்க முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் குறிக்கலாம்: பிழைக்கு அடுத்த பந்து. வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் நோட்டைக் கொடுங்கள். ஒரு ஆட்டக்காரர் தொடும் ஒவ்வொரு பந்துக்கும் நல்லது, சுமார், பிழை என்று ஒரு கோடு. பிழைக்கு அடுத்து வரும் தொடுதலைச் சுற்றி ஒரு வட்டம். மூன்று ஆட்டம் முடிந்ததும் எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு பிள்ளை பொதுவாகப் பத்துக்கு ஆறு நல்ல பாஸ் கொடுக்கிறது. வட்டம் போட்டதில் மட்டும் பத்துக்கு மூன்று. அப்படியென்றால் பாஸ் தெரியாதது பிரச்சினை இல்லை, போன பந்தை விட முடியாததுதான் பிரச்சினை. இரண்டும் ஒன்றுபோல ஆறு ஆறு என்றிருந்தால் அந்தப் பிள்ளைக்கு மனசைப் பற்றி உபதேசம் எதுவும் வேண்டாம், கைப்பயிற்சி கொடுங்கள்.

வித்தியாசம் இருக்கிற பிள்ளைக்கு ஒரு சின்னச் சடங்கைப் பழக்குங்கள். பிழை நடந்ததும் இரண்டு கையையும் டவுசரில் ஒரு தடவை துடைக்க வேண்டும். வலைக் கம்பத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். ஒரு சொல் சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் அது "அடுத்து". அப்புறம் முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஆறேழு நொடி. பயிற்சியில் நல்ல பந்துக்குப் பிறகும் இதைச் செய்யச் சொல்லுங்கள். பிழைக்கு மட்டும் செய்தால் அது தண்டனை போல ஆகிவிடும்.

சர்வீஸுக்கும் இப்படி ஒன்று வேண்டும். விசில் அடித்ததிலிருந்து 8 நொடிக்குள் அடிக்க வேண்டும், பல பிள்ளைகள் பதற்றத்தில் இரண்டாவது நொடியிலேயே அடித்துவிடுகிறார்கள். இரண்டு தட்டு, ஒரு மூச்சு, எதிர்ப்பக்கம் ஒரு இடத்தைப் பார்ப்பது, தூக்குவது. எதிர்ப்பக்கத்தின் பின் மூலையில் ஒரு கோணிச்சாக்கை விரித்துவைத்து அதைப் பார்த்து அடிக்கப் பழக்குங்கள்.

சொல்லும் சொல்லில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "முழங்கையை மடக்காதே, தோளை இறக்கு" என்று ஆட்டத்தின் நடுவில் கத்தினால், பிள்ளையின் கவனம் தன் உடம்பின் மேல் திரும்பும். நன்றாகப் பழகிய அசைவுகூட அப்போது தடுமாறும். "செட்டர் நெற்றிக்கு அனுப்பு", "சாக்கைப் பார்" என்று பந்து போக வேண்டிய இடத்தைச் சொல்லுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸ் ஏறக்குறைய ஒரு நொடியில் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் முழங்கையைப் பற்றி யோசிக்க நேரம் கிடையாது. உடம்பைத் திருத்தும் பேச்சைப் பயிற்சி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டப்பெயர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூரில் குட்டை, நெட்டை, குண்டு என்று பாசத்தோடுதான் கூப்பிடுகிறோம். மைதானத்தில் அது வேண்டாம். "குட்டை" என்று கூப்பிடப்படும் பிள்ளை வலைக்கு அருகே வரத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நெட்டையாக இருப்பதால் எல்லாப் பந்தும் தன் பொறுப்பு என்று நினைத்து ஒடுங்கிப்போன பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். எங்கள் மைதானத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பெரிய பையன்களுக்கும் அதே விதி.

எட்டாம் படி: இரண்டையும் ஒரே பயிற்சியில் சேர்ப்பது

வாரம் ஒரு நாள், 25 புள்ளி ஆட்டத்தை 23-23இல் தொடங்குங்கள். வலை சரியான உயரத்தில், கோடு போட்டு, விசிலோடு. முடிந்ததும் மறுபடி 23-23. அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முறை கடைசிப் புள்ளியைச் சந்தித்துவிடுவார்கள். ராத்திரி மின்னொளிப் போட்டி வருகிறதென்றால், அதற்கு முன் இரண்டு நாளாவது விளக்கு வெளிச்சத்தில் ஆடுங்கள். விளக்கு கண்ணில் அடிக்கும்போது பந்து மறைவது பயம் போலவே தோன்றும்.

ஒன்பதாம் படி: மறு அளவு

எட்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப அளங்கள், உயரத்தை மட்டும் மாதா மாதம். அதே சுவர், அதே நேரம், குதிக்கும்போது அதே ஷூ. எண்கள் அவரவர் நோட்டிலேயே இருக்கட்டும், சுவரில் பெயர் போட்டு எழுத வேண்டாம். ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடாமல், போன எட்டு வாரத்து எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். வட்டம் போட்ட பந்துகளின் கணக்கையும் அதே பக்கத்தில், குதி அளவுக்குக் கீழேயே எழுதுங்கள்.

நாள் குறிக்கும்போது பரீட்சை வாரத்தை விட்டுவிடுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தையும்தான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வரும் பிள்ளைக்குக் குதியும் குறையும், பிழைக்கு அடுத்த பந்தும் கெடும். அந்த எண்ணைப் பார்த்து அது சோர்ந்துபோகும். ஒரு வாரம் நன்றாகத் தூங்கட்டும், அப்புறம் கோலமாவை எடுங்கள்.